பம்பிங் நார்மல்... ஆனாலும் மூச்சு வாங்குதா?

இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது. எக்கோவில் பம்பிங் 60 சதவிகிதம், நார்மல். ஆனாலும், சிதம்பரம் கீழ வீதியில் நடந்தாலே மூச்சு வாங்குகிறதா?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளினால் மட்டும் போதாது. தளர்ந்து, ரத்தத்தை உள்வாங்கவும் வேண்டும். தளர்வதற்கும் ஆற்றல் தேவை. அடைப்பால் இதயத் தசைக்கு ரத்தம் குறையும்போது, பெரும்பாலும் முதலில் தடுமாறுவது இந்தத் தளர்வுதான். அப்போது இதயத்துக்குள் அழுத்தம் கூடி, நுரையீரல் வரை போகும். அதனால்தான் மூச்சுவாங்கல்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்றிருந்தால், எந்த கிரேடு என்று டாக்டரிடம் கேளுங்கள். பி.பி., சுகர் கட்டுக்குள் இருக்கட்டும். கடலூர் கருவாட்டுக்கு லீவு விடுங்கள். உப்பு உடலில் நீரைத் தேக்கும். கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். அண்ணாமலை நகரில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சுவலி என்றால், உடனே 108!