பழைய சர்வருக்காகப் புதிய கம்ப்யூட்டரின் பூட்டைத் தளர்த்தலாமா?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இயங்காமல் நின்றுவிட்டால் என்ன செய்கிறீர்கள்? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறீர்கள். மீண்டும் அழுத்தி இயக்குகிறீர்கள். மானிட்டரில் என்ன செய்தி வருகிறது என்று பார்க்கிறீர்கள். கம்ப்யூட்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் இது எளிது.

சர்வர் விஷயம் அப்படி இல்லை. பல கம்ப்யூட்டர்களுக்குத் தேவையான பைல்களையும் கணக்குகளையும் தன்னிடம் வைத்துக் கொண்டு, கேட்கும் போது எடுத்துத் தரும் கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்கிறோம். அந்தச் சர்வர் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது, அதைப் பராமரிப்பவர் தம்மம்பட்டியில் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குச் சர்வர் நின்றுவிட்டால் பவர் பட்டனை யார் அழுத்துவது? ஆத்தூர் வழியாகச் சேலத்திற்கு பஸ்சில் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகும். இதற்காகவே சர்வர்களில் ஒரு தனி வசதி தரப்படுகிறது.

சர்வருக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

பெரும்பாலான சர்வர்களின் மதர்போர்டில் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று தனியாக அமைக்கப்பட்டிருக்கும். அதற்கெனத் தனி பிராசசர், தனி மெமரி, பல சர்வர்களில் தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. சர்வரை அணைத்து வைத்திருந்தாலும், மின் இணைப்பு இருக்கும் வரை இது விழித்துக் கொண்டே இருக்கும். தொலைவில் இருப்பவர் தன் பிரவுசரில் இதன் முகவரியைத் தந்து, யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே நுழைந்தால் போதும். சர்வரை இயக்கலாம், அணைக்கலாம். அதன் மானிட்டரில் தெரிவதைத் தன் திரையில் பார்க்கலாம். விண்டோஸ் அல்லது லினக்ஸ் சிஸ்டத்தையே புதிதாக இன்ஸ்டால் செய்யலாம்.

எச்.பி.இ. நிறுவனம் தன் சர்வர்களில் இதனை ஐலோ என்றும், டெல் நிறுவனம் டிராக் என்றும் அழைக்கின்றன. பல நிறுவனங்களின் சர்வர்களுக்கும் பொதுவாக ஐ.பி.எம்.ஐ. என்ற விதிமுறையை இன்டெல், டெல், எச்.பி., என்.இ.சி. ஆகியவை சேர்ந்து 1998ல் வெளியிட்டன.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவர், சர்வரின் முன்னால் கீ போர்டுடன் உட்கார்ந்திருப்பவருக்குச் சமம். சர்வரில் உள்ள ஆன்ட்டி வைரஸ் புரோகிராமுக்கு இவர் வந்ததே தெரியாது.

கதவு ஏன் திறப்பதில்லை?

2008 அல்லது 2010ல் வாங்கிய சர்வர் ஒன்று இன்றும் நன்றாக ஓடிக் கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் புதிய கம்ப்யூட்டரில் குரோம் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசரைத் திறந்து அதன் ரிமோட் பக்கத்தைக் கேட்டால், பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்த முடியவில்லை என்ற செய்தி வரும். உங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த மாற்றங்களே காரணம்.

பிரவுசரும் சர்வரும் ரகசியமாகப் பேசிக் கொள்ளும் முறைக்கு டி.எல்.எஸ். என்று பெயர். இதன் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் பலவீனமானவை என்று கருதப்பட்டதால், 2020ல் குரோமும் பயர்பாக்சும் அவற்றைக் கைவிட்டன. பழைய சர்வர்களில் பலவற்றுக்கு இந்தப் பழைய பதிப்புகள் மட்டுமே தெரியும்.

அடுத்தது ஜாவா. சர்வரின் திரையைக் காட்ட அக்காலத்தில் பிரவுசருக்குள் ஜாவா புரோகிராம் ஓட வேண்டியிருந்தது. குரோம் 2015லும், பயர்பாக்ஸ் 2017லும் இந்த ஜாவா பிளக் இன்னுக்கு விடை கொடுத்தன. ஜாவா வெப் ஸ்டார்ட் என்ற மாற்று வழியும் 2018ல் வெளியான ஜாவா 11 பதிப்பில் இருந்து நீக்கப்பட்டது. அடோப் பிளாஷ் 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15ல் ஓய்வு பெற்றது. ஆக, சர்வர் அதே இடத்தில் இருக்கிறது. அதன் கதவுக்கான சாவி செய்பவர்கள்தான் ஒவ்வொருவராகக் கடையை மூடிவிட்டார்கள்.

குறுக்கு வழியின் விலை

இந்த நிலையில் பலரும் சொல்லும் ஆலோசனை ஒன்று உண்டு. "பழைய பிரவுசரை இறக்கிப் பதியுங்கள். பழைய ஜாவாவைப் போடுங்கள். செக்யூரிட்டி அளவைக் குறையுங்கள். எச்சரிக்கை வந்தால் ஓகே கொடுத்துவிடுங்கள்." இப்படிச் செய்தால் கதவு திறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இது தவறான வழி என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த வியாபார நிறுவனம் ஒன்றில் இதுதான் நடந்தது. சர்வரைச் சரி செய்ய வந்தவர், கணக்குப் பார்க்கும் ஊழியரின் புதிய கம்ப்யூட்டரிலேயே பழைய பிரவுசரையும் பழைய ஜாவாவையும் பதிந்துவிட்டார். வீட்டில் இருந்தும் பார்க்க வேண்டும் என்பதற்காக, ரௌட்டரில் வழி திறந்து சர்வரின் ரிமோட் பக்கத்தை நேராக இன்டர்நெட்டில் விட்டுவிட்டார். அந்த ஊழியர் அதே கம்ப்யூட்டரில்தான் நெட் பேங்கிங் செய்கிறார். ஒரு பழைய சர்வருக்காக வங்கிக் கணக்கின் பாதுகாப்பும் சேர்ந்து பலவீனமானது. அதைச் சரி செய்ய ஒரு நாள் போதுமானதாக இருந்தது. ஆனால் அதுவரை பல மாதங்கள் அப்படியே திறந்து கிடந்தது.

நம்மை யார் தேடி வரப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைச் சிறு ஊர்களில் அடிக்கடி கேட்கலாம். தம்மம்பட்டியில் உள்ள ஒரு கடையின் கணக்கு யாருக்கு வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் தாக்குதல் புரோகிராம்கள் ஊர் பார்த்து வருவதில்லை. இன்டர்நெட்டில் உள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்து, எது திறக்கிறதோ அதில் நுழைகின்றன. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பரவிய போது, சென்னைக்கு அருகே உள்ள ரெனால்ட் நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தின் சில கம்ப்யூட்டர்களும் பாதிக்கப்பட்டன. இரண்டுக்கும் என்ன தொடர்பு? விண்டோசில் அடைக்கப்படாத ஓட்டை ஒன்றுதான்.

ரிமோட் கதவுகளின் வரலாறும் நம்பிக்கை தருவதாக இல்லை. ஐ.பி.எம்.ஐ. 2.0 விதிமுறையில் பெரிய குறை ஒன்று இருப்பதை ஆய்வாளர் டான் ஃபார்மர் 2013ல் விரிவாக எடுத்துக் காட்டினார். சரியான யூசர் நேமைச் சொல்லிக் கேட்டாலே போதும், பாஸ்வேர்டில் இருந்து உருவாக்கிய குறியீட்டைச் சர்வர் முன்கூட்டியே அனுப்பிவிடும். அதை வைத்துக் கொண்டு பாஸ்வேர்டை நிதானமாக ஊகிக்கலாம். இது விதிமுறையிலேயே உள்ள குறை என்பதால் அப்டேட் போட்டுச் சரி செய்ய முடியாது.

ஐலோ 4 பதிப்பில் 2017ல் வெளியான குறை இன்னும் வேடிக்கையானது. குறிப்பிட்ட இடத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை 29 முறை அனுப்பினால் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே விட்டுவிட்டது. எச்.பி.இ. நிறுவனம் அதற்கான அப்டேட்டைத் தந்துவிட்டது. ஆனால் அப்டேட் செய்யாத சர்வருக்கு அதனால் என்ன பயன்? 2021 டிசம்பரில், ஐலோவுக்குள்ளேயே ஒளிந்து கொண்டு ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் ஐலோபிளீட் என்ற புரோகிராம் பற்றிய தகவல் வெளியானது. விண்டோசை மீண்டும் இன்ஸ்டால் செய்தாலும் இது போகாது. இருக்கும் இடமே வேறு.

விண்டோசின் ரிமோட் டெஸ்க்டாப் வசதியிலும் 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற குறை வெளிப்பட்டது. ஆபத்து பெரிது என்பதால், ஆதரவு எப்போதோ முடிந்து போன எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றுக்கும் மைக்ரோசாப்ட் அப்டேட் கொடுத்தது. இப்படிப்பட்ட கருணை ஒவ்வொரு முறையும் கிடைக்காது.

உளி வேறு, பூட்டு வேறு

"ஓடுகிற மெஷினை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?" என்று முதலாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. புதிய சர்வர் விலை அதிகம். தம்மம்பட்டி மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைச் செதுக்கும் சிற்பியிடம் அப்பா காலத்து உளி இருந்தால், தீட்டித் தீட்டி இன்றும் பயன்படுத்துவார். அதில் எந்தத் தவறும் இல்லை.

சர்வரின் கணக்குப் போடும் திறன் அந்த உளியைப் போன்றது. பத்து ஆண்டு கழித்தும் இரண்டும் இரண்டும் நான்கு என்றுதான் சொல்லும். ஆனால் அதன் ரிமோட் கதவு, பூட்டைப் போன்றது. பூட்டு அப்படியே இருந்தாலும் கள்ளச்சாவி செய்பவர்களின் திறமை வளர்ந்து கொண்டே போகிறது. எனவே பழைய சர்வரை வைத்துக் கொள்வதா என்பதும், அதன் பழைய கதவைத் தெருப் பக்கம் திறந்து வைப்பதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு ஒருபோதும் சொல்லக் கூடாது.

பிறகு என்னதான் செய்யலாம்?

முதலில், நேரில் ஒருமுறை போய் வாருங்கள். பஸ் செலவு பெரிதல்ல. பைல்களை வேறு இடத்தில் பேக்கப் எடுத்து, அதைத் திறந்தும் பாருங்கள். பின் ரிமோட் பகுதிக்குக் கிடைக்கும் கடைசி பர்ம்வேர் அப்டேட்டைப் போடுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். பல பழைய சர்வர்களுக்கு ஒரே பாஸ்வேர்ட்தான் தரப்பட்டது, அது கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். தேவையற்ற யூசர்களை நீக்குங்கள். நெட்வொர்க் வழியே ஐ.பி.எம்.ஐ. தேவைப்படாவிட்டால் அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, ரௌட்டரில் அந்தப் பக்கத்திற்கு வழி திறக்காதீர்கள். வெளியில் இருந்து வர வேண்டும் என்றால், முதலில் வி.பி.என். எனப்படும் பாதுகாப்பான பாதை வழியே அலுவலக நெட்வொர்க்கிற்குள் வர வேண்டும். வயர்கார்ட், ஓபன் வி.பி.என். ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. இவை ஓடும் கம்ப்யூட்டர் அப்டேட் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய பிரவுசரும் ஜாவாவும் கட்டாயம் தேவை என்றால் அவற்றைத் தனியே அடைத்து வையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற புரோகிராமில் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் மட்டும் பதியலாம். அதற்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டாம். மெயில், வங்கி என வேறு எந்த வேலைக்கும் அதைத் தொடக் கூடாது.

நான்காவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கதவை அடைத்துவிட்டுப் புதிய கதவு வையுங்கள். சர்வரின் மானிட்டர், யு.எஸ்.பி. போர்ட்களில் செருகக் கூடிய ஐ.பி. கே.வி.எம். என்ற சிறு சாதனங்கள் உள்ளன. ரஸ்பெரி பை கம்ப்யூட்டரில் இயங்கும் பை கே.வி.எம். அவற்றில் ஒன்று. சர்வரின் வயது எதுவானாலும் அதன் திரை உங்கள் இன்றைய பிரவுசரில் தெரியும். இதையும் வி.பி.என்.னுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

இவை எல்லாமே தற்காலிக ஏற்பாடுகள். இந்தச் சர்வருக்கு ஓய்வு எப்போது என்று ஒரு தேதி குறித்து, அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

விற்பவர்களின் பொறுப்பு

பழியை எல்லாம் பயன்படுத்துபவர் மேல் போடுவதும் சரியல்ல. 2014 பிப்ரவரி முதல் எச்.பி. நிறுவனம் பயாஸ் போன்ற சில சர்வர் அப்டேட்களை, வாரண்டி அல்லது பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. பழைய சர்வரை இரண்டாம் கையாக வாங்கும் சிறு வியாபாரி என்ன செய்வார்? எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. பிரிட்டனில் வீட்டுச் சாதனங்களுக்கு இந்தக் காலத்தை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2024 ஏப்ரல் 29ல் அமலுக்கு வந்தது. எல்லாச் சாதனத்திற்கும் ஒரே பாஸ்வேர்ட் தருவதையும் அது தடை செய்கிறது. நம் நாட்டிலும் கேட்டால்தான் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் இருக்கும் கதவுகள்

எனக்குச் சர்வரே கிடையாதே என்கிறீர்களா? இன்டர்நெட் ரௌட்டர் இருக்கிறதல்லவா? அதிலும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற அமைப்பு உண்டு. செட்டிங்ஸ் பக்கத்தில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்ட் இன்னும் அட்மின் என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள். கேமரா பதிவுப் பெட்டியைப் பார்க்க இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், அந்தப் பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

அடுத்த முறை ரௌட்டரோ கேமராவோ வாங்கும் போது விலையைக் கேட்ட பின் இன்னொன்றையும் கேளுங்கள்: "இதற்கு எத்தனை வருடம் அப்டேட் வரும்?" கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது பதில் தெரிந்து வைத்திருப்பார்.