காத்திருக்கத் தெரியாதவர்கள்

தத்துக் குழந்தைகளைப் பற்றிச் சென்ற மாதம் நான் இந்தப் பக்கத்தில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கோபமான கடிதம். "தாய் தகப்பன் இல்லாத குழந்தைகள் ஒரு பக்கம், குழந்தைக்கு ஏங்குகிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் சர்க்கார் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு மூன்று வருஷம், நாலு வருஷம் என்று காக்கவைக்கிறதே, இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்கிறார்.

கேட்கிறவர் நல்ல மனுஷி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லவர்கள்தாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அதனாலேயே சற்று உறைப்பாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே கேள்வியை இதே கோபத்தோடு வேறொருத்தி வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். 2007 ஆகஸ்டு மாதம், மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா தேசத்து ஆண்டிகுவா நகரத்தில். அவள் என் பழைய சிநேகிதி, அமெரிக்காக்காரி. ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க வந்து, காகிதங்கள் முடியும் வரையில் குழந்தையோடு இருப்பதற்காக அங்கே வீடு பிடித்திருந்தாள். புருஷன் லீவு தீர்ந்து ஊருக்குப் போய்விட்டான். துணைக்கு வரும்படி என்னை அழைத்தாள். எனக்கும் ஒரு நாவலை எழுதாமலிருக்க ஏதாவது சாக்கு வேண்டியிருந்தது. போனேன்.

அழகான ஊர். 1773-இல் வந்த பூகம்பத்தில் இடிந்து, தலைநகரம் என்ற பட்டத்தை இழந்த ஊர். இடிந்த மாதா கோயில்களை இடிந்தபடியே வைத்திருக்கிறார்கள். தெற்கே ஆகுவா என்ற எரிமலை கூம்பு மாதிரி நிற்கிறது. மேற்கே இன்னும் இரண்டு. அவற்றில் ஃபுவேகோ என்பது சுருட்டுப் பிடிக்கும் கிழவரைப்போல் எப்போது பார்த்தாலும் புகை விட்டுக்கொண்டிருக்கும். விடிகிறதற்கு முன்னாலேயே பெண்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தைக் கூடையில் வைத்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு மாவு மில்லுக்குப் போவார்கள். பிறகு தெருவெல்லாம் கை தட்டுகிற சத்தம். யார் யாரைப் பாராட்டுகிறார்கள் என்று முதல் நாள் விழித்துக்கொண்டேன். பாராட்டு ஒன்றுமில்லை, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மாவைத் தட்டித் தட்டி ரொட்டியாக்கிக் கல்லில் போடுகிறார்கள். காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் அந்தச் சத்தம் உண்டு. யாருக்காவது பிறந்த நாள் என்றால் விடியற்காலையில் வாசலில் சரவெடி. பொதுத் துணி துவைக்கும் தொட்டியில், கல் மேடைகளில் வரிசையாகப் பெண்கள். மத்தியானம் தவறாமல் மழை.

நான் இரண்டு நோட்டுப் புஸ்தகங்களை நிரப்பினேன். நான் மட்டுமா? என் சிநேகிதியைப் போலக் குழந்தைக்காகக் காத்திருந்த வெள்ளைக்காரிகள் அந்தச் சின்ன ஊரில் பலர் இருந்தார்கள். எல்லாரும் எழுதினார்கள். சந்தையில் எத்தனை நிறம், ஜனங்கள் எவ்வளவு ஏழை, ஆனாலும் எவ்வளவு சிரித்த முகம் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். ஏழைகளின் சிரித்த முகத்தில் பிரயாணிகளுக்கு என்றைக்குமே ஒரு ருசி. மீதி நேரத்தில் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி அதிகாரிகளைத் திட்டினார்கள்.

அந்த ஊர்த் தெருக்கள் கருங்கல் பாவியவை. உள்ளூர்த் தாய்மார்கள் குழந்தையைச் சால்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு போவார்கள். இவர்களோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தள்ளுவண்டியைத் தள்ளுவார்கள்; குழந்தை உள்ளே குலுங்கும். குல்லாய் போடாமல் குழந்தையை வெளியே கொண்டுவந்ததற்காக முன்பின் தெரியாத கிழவிகள் நின்று அதட்டுவார்கள். என் சிநேகிதிக்கு அது பிடிக்காது. எனக்கு என் பாட்டி ஞாபகம் வரும்.

குழந்தையை அவள் கையில் கொடுக்கும் வரையில் அந்த ஊர்க்கார அம்மாள் ஒருத்தி ஆறு மாதம் வளர்த்திருந்தாள். வக்கீல் மாதச் சம்பளம் கொடுத்து அமர்த்திய வளர்ப்புத் தாய். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்க வருவாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். அந்த அம்மாள் குழந்தையின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தாள். கண் திருஷ்டி படாமலிருக்க. நமக்குக் கன்னத்தில் மைப்பொட்டு. அவர்களுக்கு மணிக்கட்டில் சிவப்பு நூல். அவ்வளவுதான் வித்தியாசம். நான் அதைச் சிநேகிதியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். மறுநாள் நகம் வெட்டும்போது, "வாயில் வைத்துக்கொள்கிறாள், ஒரே அழுக்கு" என்று அந்த நூலையும் கத்தரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் வந்து மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இப்படியிருக்கையில்தான் அந்தப் புது உத்தரவு வந்தது. அதுவரை ஒரு மரபணுச் சோதனை போதும். குழந்தையைக் கொடுக்கிறவள் உண்மையில் பெற்றவள்தானா என்று அதில் பார்ப்பார்கள். அமெரிக்கத் தூதரகம் அந்த ஆகஸ்டில் இரண்டாவது சோதனையும் வேண்டும் என்றது. முதலில் தாயோடு சோதித்த அதே குழந்தைதானா இப்போது விசாவுக்கு வருகிற குழந்தை என்று பார்ப்பதற்காக. என் சிநேகிதி துள்ளிக் குதித்தாள். "நாங்கள் என்ன திருடர்களா? இன்னும் எத்தனை வாரம் இந்த ஊரில் கிடந்து சாவது?" என்றாள்.

அந்தச் சோதனை ஏன் தேவைப்பட்டது? வாசகி இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அந்தத் தேசத்தின் ஜனத்தொகை அப்போது 1 கோடி 30 லட்சத்தைச் சுற்றி. 2007-இல் மட்டும் ஏறக்குறைய 4,700 குழந்தைகள் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போயின. பிறக்கும் நூறு குழந்தைகளில் ஒன்று என்று கணக்குச் சொன்னார்கள். கோர்ட்டு இல்லை, நீதிபதி இல்லை. ஒரு வக்கீல் பத்திரம் எழுதுவார். பெரும்பாலும் கொடுக்கிற தாய்க்கும் அவர்தான் வக்கீல், குழந்தைக்கும் அவர்தான், வாங்குகிறவர்களுக்கும் அவர்தான். ஒரு குழந்தைக்கு 25,000, 30,000 டாலர் கைமாறும். கர்ப்பிணிகளைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போகும் தரகுப் பெண்களுக்கு அங்கே ஒரு பேரே உண்டு. 'இழுத்து வருகிறவள்' என்று பொருள். கேட்டுப் பெற்ற குழந்தைகளும் உண்டு, ஏமாற்றிப் பெற்றவையும் உண்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது தூக்கிப் போனவையும் உண்டு. 2006-இல் அப்படித் தூக்கிப் போன ஒரு பெண் குழந்தையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கும்படி 2011-இல் அந்நாட்டுக் கோர்ட்டு ஒன்று உத்தரவு போட்டது. அதற்குள் குழந்தை அமெரிக்காவில் வேறு பெயரோடு, வேறு பாஷையோடு வளர்ந்துகொண்டிருந்தது. உத்தரவு காகிதத்தோடு நின்றது.

2007 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து அந்தக் கடையை மூடிற்று. அப்போது பாதி வழியில் நின்ற கோப்புகளை ஐக்கிய நாடுகளின் ஆதரவோடு அமைந்த விசாரணைக் கமிஷன் பார்த்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவற்றில் முறைகேடு. வேகமாக நடந்ததே, யாரையும் காக்கவைக்கவில்லையே என்று அந்த முறையைத்தான் அதுவரை ஏஜென்சிகள் புகழ்ந்துகொண்டிருந்தன!

"பட்டினி கிடக்கிற தேசம், குழந்தை எங்காவது பிழைத்துப் போகட்டுமே" என்பார்கள். வாஸ்தவம், அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றியவர்கள். ஆனால் அவர்களையா எடுத்துக்கொண்டு போனார்கள்? அநாதை இல்லங்களில் எட்டு வயதும் பத்து வயதுமாக நின்ற குழந்தைகளை விட்டுவிட்டுத் தொட்டில் குழந்தையைத்தான் கேட்டார்கள். கேட்டது கிடைக்கும்படி வியாபாரம் ஏற்பாடு செய்துகொண்டது. கடையை மூடியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. 2017 மார்ச் 8-ந் தேதி அந்நாட்டு அரசாங்க இல்லம் ஒன்றில் பூட்டி வைத்த அறையில் தீப்பிடித்து 41 பெண் குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்போ அவர்களை அதற்காகத் தண்டிக்க வேண்டும். அதைக் காட்டிப் பழைய கடையை மறுபடி திறக்கக் கூடாது.

நம் ஊருக்கு வருகிறேன். குழந்தையை ஒப்படைப்பதா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுக்கத் தாய்க்கு அவகாசம் வேண்டும் என்று 1984-இலேயே நம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. ஒப்படைத்த பிறகு மனசு மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இரண்டு மாதம். வாசகி காத்திருக்கும் மூன்று வருஷமும் அந்த இரண்டு மாதத்தால் ஆவதல்ல என்பது எனக்குத் தெரியும். வரிசையில் நிற்கிறவர்கள் ஏராளம். சட்டப்படி கொடுக்கத்தக்க குழந்தைகள் கொஞ்சம். அதிலும் இரண்டு வயதுக்குட்பட்டதாக, சுகதேகியாக, முடிந்தால் கொஞ்சம் நிறமாகவும் கேட்டால் வரிசை நீளத்தானே செய்யும்? கால் விளங்காத குழந்தைக்கு முன்னால் வரிசை எதுவும் கிடையாது அம்மா. போய்ப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தக் காகிதக் கட்டுக்குள்ளே ஒருத்தி இருக்கிறாள். அவள் எழுதத் தெரியாதவளாக இருக்கலாம், பெருவிரல் ரேகை வைத்தவளாக இருக்கலாம். தாமதம் என்று நாம் சபிக்கிறோமே, அது அவளுடைய நேரம். அவள் திரும்பி வந்து கதவைத் தட்டுவதற்காக விட்டு வைத்த நேரம். நம்முடையதல்ல. அதில் கை வைக்க நமக்கு என்ன பாத்தியதை?

ஆண்டிகுவாவில் அவளை நான் ஒரு தடவை பார்த்தேன். போட்டோவில். முதல் சோதனையின்போது தாயும் குழந்தையுமாக ஒரு படம் எடுத்துக் கோப்பில் வைப்பது வழக்கம். சிநேகிதி வெளியே போயிருந்த சமயம், கோப்பைப் புரட்டினேன். இருபது வயதுகூட இருக்காது. நெய்த ரவிக்கை. குழந்தையை மடியில் வைத்து, அதன் தலை சாயாமலிருக்க ஒரு கையைப் பின்னால் கொடுத்திருந்தாள். முகம் காமிராவைப் பார்த்தது. எந்த ஊர், எந்த மலைச்சரிவு என்று கோப்பில் எழுதியிருந்தது. பஸ்ஸில் போனால் அரை நாள் பிரயாணம். அந்த ஊர் பஸ்கள் பாதி அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக் கழித்துக் கட்டியவைதான்; அங்கே வர்ணம் பூசி ஓட்டுகிறார்கள். ஒரு நாள் அதில் ஏறி அந்தக் கிராமத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். "எதற்கு வீண் சிக்கல்?" என்றாள் சிநேகிதி. நான்கு மாதம் அந்தத் தேசத்தில் இருந்தாள். எரிமலை ஏறினாள். ஏரிக்குப் போனாள். நெசவுச் சந்தைக்கு மூன்று முறை போனாள். குழந்தையின் ஊருக்குப் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, நான் விருந்தாளி.

அந்தப் பெண்ணுக்கு 2025-இல் பதினெட்டு வயது முடிந்தது. எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். தாயைத் தேடப் போகிறாளாம். ஒரு விஷயம் மட்டும் என்னிடம் கேட்டாள். தன்னை ஆறு மாதம் வளர்த்த அந்த அம்மாள் தன்னை ஏதோ செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டாளாமே, அது என்ன? "அம்மாவுக்கு ஞாபகமில்லை. நீங்கள் எழுத்தாளர், கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைப்பீர்கள் என்று அம்மா சொன்னாள்."

இரண்டு நோட்டுப் புஸ்தகத்தையும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரொட்டி என்ன விலை என்று இருக்கிறது. எரிமலை பதினோரு இடத்தில் வருகிறது. பஸ்ஸின் நிறங்கள் இருக்கின்றன. வளர்ப்புத் தாய் ஞாயிறு தோறும் வந்ததும், உட்காரச் சொல்லி உட்காராததும், வாசலில் நின்று குழந்தையைக் கூப்பிட்டதும், கூப்பிட்டவுடன் குழந்தை தலையைத் திருப்பியதும்கூட இருக்கின்றன. என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதை நான் எழுதிவைக்கவில்லை.