பயந்த நாய்க்கு ஒரு மூலை கொடுங்கள்!

நாய் நன்றியுள்ள பிராணி. இதைச் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் அந்த நன்றியை முதல் நாளே எதிர்பார்க்கிறோமே, அது நியாயமா?

தெருவில் அடிபட்ட நாய் ஒன்றை இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். சோறு வைக்கிறோம். அது தின்னவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறது. கையை நீட்டினால் உறுமுகிறது. "சோறு போட்ட கையையே கடிக்க வருகிறதே!" என்று கோபம் வருகிறது. ஒரே வாரத்தில் மறுபடியும் தெருவில் விட்டுவிடுகிறோம்.

கொண்டு வராமல் இருந்ததைவிட இது பெரிய கொடுமை!

விளக்குமாறு

எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டை நாய் வந்தது. அதன் முதுகில், யாரோ வெந்நீர் ஊற்றிய தழும்பு. என் மனைவி விளக்குமாற்றை எடுத்தால் போதும், உடல் வெடவெடவென்று நடுங்கும். நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடும். அவள் எடுத்தது வீடு பெருக்கத்தான். அது நாய்க்கு எப்படித் தெரியும்? விளக்குமாறு என்றால் அடி. அது கற்ற பாடம் அதுதான்.

ஒரு மூலையில் பழைய சாக்கை விரித்தோம். "அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம். வேளை தவறாமல் சோறு வைத்துவிட்டு விலகிவிடுவோம். விளக்குமாற்றைத் தூரத்தில் தரையில் போட்டு, நாய்க்கு ஒரு துண்டு மீன் வைப்பாள் என் மனைவி. நாளாக நாளாக, விளக்குமாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் அவள் பெருக்கினாள். நாய் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது. வாலை ஆட்டவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. எங்களுக்கு அன்று திருவிழாதான்!

உறுமினால் அடிக்காதீர்கள்

வாலைக் காலிடுக்கில் செருகிக்கொள்வது, காதை மடிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் பயத்தின் அடையாளங்கள். அப்போது கிட்டே போகாதீர்கள். கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காதீர்கள். குனிந்து தலையைத் தடவாதீர்கள். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும்.

உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும்!

முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். குழந்தைகளை நாயுடன் தனியே விடாதீர்கள். தப்பித்தவறிக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அலட்சியம் ஆபத்து.

சட்டமும் வீடும்

மிருகவதையைத் தடுக்க நம் நாட்டில் 1960-ல் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர், நாட்டியக் கலையை வளர்த்த ருக்மணிதேவி அருண்டேல். அடிப்பவன் கையைச் சட்டம் தடுக்கலாம். அடிபட்ட நாயின் பயத்தைச் சட்டம் போக்குமா? அது வீட்டில் இருப்பவர்களால்தான் முடியும்.

வருஷக்கணக்கில் அடி வாங்கிய பிராணி அது. நம்மை நம்புவதற்குச் சில மாதம் கொடுக்கக்கூடாதா?