மொட்டை மாடியில் நாலரை டன்

முதலிலேயே ஒரு வாக்குமூலம். நான் படிக்கிறது பி.காம். கட்டடத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், வீட்டுக்குள்ள குடியிருக்கிறது மட்டும்தான். அதனால "இவளுக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு நினைக்கிறவங்க தாராளமா நினைச்சுக்கலாம். ஆனா இந்தப் பதிவுல வர்ற கணக்கு எல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான். அதுக்கு பி.காம். போதும் :-)

விஷயம் இதுதான். எங்க வீடு திருமுல்லைவாயில்ல. கோடை லீவுக்கு போரூர்ல இருந்து அக்கா பசங்க ரெண்டு பேர் வருவாங்க, பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு மூணரை. போன கோடையில அக்கா ஆன்லைன்ல ஒரு நீச்சல் குளம் வாங்கி நேரா எங்க வீட்டு விலாசத்துக்கே அனுப்பிட்டா. இரும்புக் குழாயை மாட்டி, நடுவுல நீல கலர் ரெக்சின் மாதிரி துணியைத் தொங்கவிடுற வகை. பத்தடி விட்டம், முப்பது அங்குல உயரம். பள்ளம் தோண்ட வேண்டாம், கொத்தனார் வேண்டாம், நாமளே மாட்டிக்கலாம்னு பெட்டி மேல சிரிச்ச முகத்தோட ஒரு குடும்பம்.

எங்க போடறதுன்னு யாருமே யோசிக்கலை. மொட்டை மாடிதான், வேற எங்க? காத்து வரும், தெருவுல போறவங்க பார்வை படாது, தண்ணித் தொட்டியும் பக்கத்துலயே இருக்கு. பெட்டியை நானும் அப்பாவும் மூச்சு வாங்க மேல ஏத்தியாச்சு. குழாயை எல்லாம் பரப்பி வெச்சுட்டு இருக்கும்போதுதான், பக்கத்து வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி அண்ணன் எட்டிப் பார்த்தார். எங்க மாடி ரூமைக் கட்டினவரும் அவர்தான்.

"என்ன பாப்பா இது?"

சொன்னேன்.

"எவ்ளோ தண்ணி புடிக்கும்?"

அதைத்தான் யாரும் கேட்கலை. விட்டம் பத்தடின்னா பரப்பு சுமார் 78 சதுர அடி. ரெண்டடிக்கு நிரப்பினா 157 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் சுமார் 4,450 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஆக நாலரை டன், நல்லா வளர்ந்த ஆண் யானை ஒண்ணு.

அவர் எதுவும் பேசாம மாடிப்படி ரூம் மேல இருக்கிற எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியைக் கை காட்டினார். "ஆயிரம் லிட்டர் தொட்டி அது. அதையே நான் நடு ஸ்லாப்லயா வெச்சேன்? தூண் வர்ற எடம் பார்த்து மேல தூக்கி வெச்சேன்ல? நீ அது மாதிரி நாலரைத் தொட்டியை நட்ட நடுவுல வெக்கப் போறே" அப்படின்னார். அவ்வளவுதான். பெட்டி திரும்பக் கீழே இறங்கிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். கட்டடம் எவ்வளவு பாரம் தாங்கணும்னு சொல்ற இந்தியத் தரநிலை ஒண்ணு இருக்கு, ஐ.எஸ். 875. அதோட இரண்டாம் பாகத்துல, ஆள் ஏறிப் புழங்கற மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோன்னு எடுத்துக்கச் சொல்றாங்க. வடாம் காய வைக்க, துணி உலர்த்த, நிலா பார்க்க, பட்டம் விட எல்லாம் இது தாராளம். இப்போ தண்ணிக்கு வாங்க. ஒரு சதுர மீட்டர்ல 15 சென்டிமீட்டர் தண்ணி நின்னா 150 கிலோ. அதாவது வெறும் அரை அடித் தண்ணியிலேயே மாடியோட கோட்டா முடிஞ்சு போச்சு. ரெண்டடி நிரப்பினா 600 கிலோ, நாலு மடங்கு. உள்ள குதிக்கிற பசங்களையும், சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கிற அத்தை மாமாவையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

"எங்க சித்தப்பா வீட்டு மாடியில ரெண்டு வருஷமா இருக்கே, ஒண்ணும் ஆகலையே"ன்னு என் கிளாஸ்ல ஒருத்தன் சொன்னான். உண்மைதான். கம்பியிலும் கான்கிரீட்டிலும் கொஞ்சம் கூடுதல் பலம் வெச்சுத்தான் கட்டுவாங்க. ஆனா அந்தக் கூடுதல் எதுக்கு? கம்பி துருப்பிடிச்சா, சிமென்ட் கலவை ஒரு நாள் சரியில்லைன்னா, முப்பது வருஷம் மழை இறங்கினா, அதுக்கெல்லாம் சேர்த்து வெச்ச சேமிப்பு அது. கணக்கு பாஷையில சொன்னா ரிசர்வ். அதை எடுத்து ஏப்ரல் மாசம் குளிச்சுத் தீர்க்கிறது எந்த ஊர் நியாயம்? கீழ் ரூம்ல தூங்கிட்டு இருக்கிறது பாட்டியா இருக்கலாம், இல்ல மாசா மாசம் வாடகை கொடுக்கிற வேற ஒரு குடும்பமா இருக்கலாம். அவங்க கிட்ட யாரும் கேட்கிறதில்லை.

இன்னொண்ணு, மொட்டை மாடி சமதளமே கிடையாது. மழைத் தண்ணி ஓடணும்னு வாட்டம் வெச்சுத்தான் தளம் போடுவாங்க. இந்த மாதிரிக் குளத்துக்கு முதல் எதிரியே வாட்டம்தான். ஒரு பக்கம் தாழ்ந்தா தண்ணி அந்தப் பக்கம் சுவரைத் தள்ளும். சுவர்னா என்ன, துணிதானே.

ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் வரைபடத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தா மாடியில வெச்சுக்கோங்க. இல்லேன்னா தரை. இதுதான் என் கட்சி, இதுல சமரசம் கிடையாது.

தரையில போடறது லேசுன்னு நினைச்சோம். பின்பக்கம் தென்னை மரத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல இடம் இருந்தது. ஆனா கொஞ்சம் தள்ளினா செப்டிக் டேங்க் மூடி, இந்தப் பக்கம் தள்ளினா சம்ப் மூடி. இது ரெண்டு மேலயும் குளம் வைக்கவே கூடாது, காரணம் அதே நாலரை டன். நடுவுல பன்னிரண்டு அடி சதுரம் பிடிக்கவே அரை நாள் ஆச்சு. அப்புறம் மட்டம். ரசமட்டம் ரெண்டடி நீளம்தான், பத்தடிக்கு அது பத்தாது. மேஸ்திரி அண்ணன் டியூப் லெவல் கொடுத்தார். ஒண்ணுமில்லை, தண்ணி ரொப்பின கண்ணாடிக் குழாய். ரெண்டு முனையில தண்ணி எங்க நிக்குதோ அதுதான் ஒரே மட்டம். பார்த்தா ஒரு மூலையில நாலு அங்குலம் ஏத்தம்! மண்ணைப் போட்டுத் தாழ்ந்த பக்கத்தை உயர்த்தலாம்னு அப்பா சொன்னதும் அண்ணன் சிரிச்சார். போட்ட மண் தண்ணி பாரத்துல அமுங்கிடுமாம், உசந்த பக்கத்தைத்தான் வெட்டணுமாம். வெட்டினோம். கல், கண்ணாடிச் சில்லு, போன தீபாவளி கம்பி மத்தாப்புக் கம்பி எல்லாம் பொறுக்கி, சலிச்ச மணல் ஒரு அங்குலம் பரப்பி, மேல தார்ப்பாய் விரிச்சோம். குளத்தை மாட்டினது வெறும் ஒண்ணரை மணி நேரம். இடம் தயார் பண்ணினது ரெண்டு நாள்.

கோரைப் புல்லை மட்டும் மேலாக்க வெட்டி விட்டுட்டோம். அது பெரிய தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

நிரப்பற அன்னிக்குத்தான் அப்பா முறைச்சார். "2019 மறந்துடுச்சா?" அப்படின்னார்.

மறக்கலை. நான் அப்போ எட்டாவது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் கிட்டத்தட்டக் காலி. லாரிக்காக ராத்திரி குடத்தை வரிசையில போட்டுட்டு அம்மா திண்ணையிலேயே தூங்கியிருக்காங்க. ஜூலை 12 அன்னிக்கு ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியோட முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. வந்த வழி எங்க திருமுல்லைவாயில் தண்டவாளம்தான். குடிக்கத் தண்ணி ரயில்ல வந்த ஊர்ல பசங்க கூத்தடிக்கக் குளமான்னு கேட்டா, கேள்வி நியாயம்தான். சும்மா மழுப்ப முடியாது.

நான் சொன்ன பதில் இது. நம்ம நாட்டு நகர நீர்க் கணக்குல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அஞ்சு பேர் வீட்டுக்கு 675. அப்போ இந்தக் குளம் எங்க வீட்டோட ஆறரை நாள் தண்ணி. நாப்பது நாளைக்கு ஒரே ஒரு தடவைன்னா ஏத்துக்கலாம். ஆனா நிறைய பேர் என்ன பண்றாங்க? மூணாவது நாள் பாசி வாடை வந்ததும் பிளக்கைப் பிடுங்கித் தெருவுல விட்டுட்டு மறுபடி ரொப்பறாங்க. நாப்பது நாள்ல பதிமூணு தடவை. கிட்டத்தட்ட 58,000 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் லாரியில ஆறரை லாரி. அந்தக் குளத்துக்கு நானும் அப்பா கட்சிதான்.

ஏன் இப்படி ஆகுதுன்னு யோசிச்சா, நமக்கு நிக்கிற தண்ணியைப் பார்த்துக்கிற பழக்கமே இல்லைன்னு தோணுது. திருவள்ளூர் பக்கம் தாத்தா வயல்ல பம்புசெட் தொட்டி இருந்தது. யோசிச்சா நம்ம ஊர்ல தரை மேல கட்டின நீச்சல் குளம் அதுதான். ஒரு பக்கம் போர்த் தண்ணி கொட்டும், இன்னொரு பக்கம் வாய்க்கால்ல நெல்லுக்குப் போயிடும். குளிச்ச தண்ணி வீணும் இல்லை, கெட்டும் போகாது. மருந்தும் வேண்டாம். அந்த ஞாபகத்துல இந்தத் துணித் தொட்டியைப் பார்க்கிறோம். இது ஓடற தண்ணி இல்லை. ஒரு வாரம் கவனிக்காம விட்டா ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தும், அப்புறம் தெருவுக்கே டெங்கு.

மருந்து ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் குளோரின் இருக்கணும்னு வெச்சா, 4,450 லிட்டருக்கு ஒன்பது கிராம். ப்ளீச்சிங் பவுடர்ல அதுல மூணுல ஒரு பங்குதான் குளோரின், அதனால முப்பது கிராம் கிட்ட. வாளியில கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும், பசங்க ஏறி வந்த பிறகு சாயங்காலம் ஊத்தணும். பகல்ல ஊத்தினா நம்ம வெயில் ஒரு மணி நேரத்துல பாதியைத் தின்னுடும். மறுநாள் இறங்கறதுக்கு முன்னாடி சோதனைச் சொட்டு விட்டு அளவு பார்க்கணும். ஆசிட், பினாயில் எதோடயும் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். எங்களுக்கு முதல் நாள் மருந்து போட்டதும் தண்ணி டீ கலர் ஆயிடுச்சு! போர்த் தண்ணியில இருந்த இரும்புச் சத்து. ரெண்டு நாள் ஆட்டாம விட்டு, அடியில படிஞ்சதைக் குழாய் வெச்சு உறிஞ்சி எடுத்தோம். பசங்க அழுதது தனிக் கதை. கண் எரிச்சல் வந்தா குளோரின் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்வாங்க. பெரும்பாலும் அது வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்து பண்ற வேலை. சோப்பு போட்டுக் குளிச்சுட்டு இறங்கச் சொன்னா பாதி சரியாயிடும்.

ஆவியாப் போறதுக்கும் தெளிக்கிறதுக்கும் தினம் நாலு வாளி ஊத்த வேண்டியிருந்தது. ராத்திரி மேல தார்ப்பாய் மூடினப்புறம் குறைஞ்சுது.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் சிரிக்காம சொல்றேன். 2025 ஜூலையில அமெரிக்காவுல இந்த மாதிரி தரை மேல் குளங்கள் சுமார் 50 லட்சத்தைத் திரும்ப அழைச்சாங்க. 48 அங்குலமும் அதுக்கு மேலயும் உயரமுள்ளவை. கால் குழாய்களைச் சுத்தி வெளிப்பக்கமாப் போற ஒரு பட்டை, குழந்தைங்க கால் வெச்சு ஏற படியா ஆயிடுச்சு. 2007ல இருந்து 2022 வரைக்கும் ஒன்பது குழந்தைங்க போயிட்டாங்க, எல்லாம் 22 மாசத்துல இருந்து மூணு வயசுக்குள்ள. எங்களுது உயரம் கம்மி, அந்த லிஸ்ட்ல வராது. ஆனா எங்க சின்னவளுக்கு முப்பது அங்குலச் சுவர் ஏற பட்டை எல்லாம் வேண்டாம், பக்கத்துல ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டா போதும். முங்கும்போது சினிமாவுல மாதிரி கத்தல், கையசைப்பு எல்லாம் பெரும்பாலும் இருக்காது. சத்தமே வராது. அதனால ஒரு சட்டம் போட்டோம். தண்ணியில பசங்க இருக்கிற வரைக்கும் ஒரு பெரியவர் பேர் சொல்லி டியூட்டி. "எல்லாரும்தான் பார்த்துட்டு இருந்தோம்" என்கிற பேச்சே கிடையாது. டியூட்டியில இருக்கிறவங்க கையில போனும் கிடையாது. எழுந்து போகணும்னா இன்னொருத்தர் "நான் பார்க்கிறேன்"னு வாய் விட்டுச் சொன்ன பிறகுதான். நாப்பது நாள்ல குடும்பத்துல பாதிச் சண்டை இதுக்குத்தான் வந்தது. வரட்டும்.

ஜூன் ரெண்டாவது வாரம் பிரிச்சோம். நாலு நாள் முன்னாடியே மருந்து நிறுத்தி, மூடாம வெயில்ல விட்டு, சோதனைச் சொட்டுல கலர் வராததைப் பார்த்த பிறகு தென்னைக்கும் வாசல் கழுவவும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தோம். தார்ப்பாயைத் தூக்கினா, அடியில அஞ்சாறு கோரை முளை ஊசி மாதிரி தார்ப்பாயைக் குத்திட்டு நின்னுட்டிருந்தது. குளத்துத் துணியில ஒரு இடத்துல ஓட்டையே விழுந்து, தண்ணி பாரத்துல அடைபட்டுக் கிடந்திருக்கு. ஒட்டுப் போட்டு மடிச்சு பரண்ல வெச்சாச்சு. இப்போ தினம் சாயங்காலம் கடப்பாரையோட கோரைக் கிழங்கைத் தோண்டிட்டு இருக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? 2019 மறந்துடுச்சான்னு கேட்டாரே, அவர்தான்.