லோரிக்குச் சாயமா, ஸ்டிக்கரா?

காலை நிகழ்ச்சியில் போக்குவரத்துத் தகவல் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் என்று நான் சொல்லும்போது, அந்த நெரிசலில் நிற்கும் உங்கள் கண்முன்னால் பெரும்பாலும் ஒரு லோரியின் பின்புறம்தான் இருக்கும். அதில் ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண். வேறு வழியில்லாமல் பத்து நிமிடம் அதைத்தான் படிப்பீர்கள். சிறு வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு இதைவிட மலிவான விளம்பரப் பலகை கிடைப்பது கடினம்.

கிள்ளானில் என் அத்தை மகன் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறான். அண்மையில் பழைய 3 டன் லோரி ஒன்று வாங்கினான். பின்னால் 14 அடி அலுமினியப் பெட்டி. முன்பணம் மாமாவின் சேமநிதிப் பணம். மீதி வங்கிக் கடன். பெட்டியின் பக்கவாட்டில் முந்தைய முதலாளியின் பெயர் நிழல் போல இன்னும் தெரிகிறது. கதவின் அடிப்பக்கத்தில் துரு.

"சாயம்தான் அடிக்கணும். ஸ்டிக்கர் ஒட்டுறது போனுக்குக் கவர் போடுற மாதிரி, அழுக்கு உள்ளேயே இருக்கும்" என்றார் மாமா. நாற்பது ஆண்டுகள் பிறருக்கு லோரி ஓட்டியவர். "கல்யாண சீசன்ல ரெண்டு வாரம் பட்டறையில நின்னா கடனை யாருப்பா கட்டுறது?" என்றான் மகன். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே" என்றான்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விளம்பரம் நான் படித்த படிப்பு. துருவைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பட்டறைக்கும் ஸ்டிக்கர் கடைக்கும் அவர்களோடு போய் வந்தேன்.

முதலில் சாயம். லோரிக்குப் பட்டறையில் அடிப்பது பெரும்பாலும் கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த இரட்டைக் கலவைச் சாயம். அதை அடிப்பதற்கு முன் தேய்க்க வேண்டும், துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஓட்டை இருந்தால் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், பூச்சுக் கலவை வைத்துச் சமப்படுத்தி அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். நாள் பிடிப்பது இதில்தான். சாயத்தின் ஆயுளும் இந்த வேலையின் தரத்தில்தான் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் பல ஆண்டுகள் நிற்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம்.

அடுத்தது ஸ்டிக்கர். இது பிவிசி படலம். இதில் இரண்டு வகை உண்டு. திரவமாக ஊற்றிக் காய வைத்துச் செய்வது ஒன்று. உருளைகளுக்கு இடையே அழுத்தித் தேய்த்துச் செய்வது இன்னொன்று. முதல் வகை மெல்லியது, விலை கூடுதல். ஆணித் தலைகள் மீதும் வளைவுகளிலும் நன்றாகப் படியும். இரண்டாவது வகை மலிவு, ஆனால் நாளாக ஆகச் சுருங்கும். ஓரங்கள் உரியத் தொடங்கும். அச்சிட்ட படத்தின் மேல் பாதுகாப்புப் படலம் போடாவிட்டால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். "பெரிய லோரி, எல்லாம் ஒரே ஸ்டிக்கர்தான்" என்று கடைக்காரர் சொன்னால், எந்த வகை, மேல் படலம் உண்டா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஸ்டிக்கர் துருவைக் குணப்படுத்தாது. உரிந்த சாயத்தின் மேல் ஒட்டினால் நிற்காது. துருவின் மேல் ஒட்டினால் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வளரும். அந்த விஷயத்தில் மாமா சொன்னது சரி. புதிதாகச் சாயம் அடித்த உடனேயும் ஒட்டக்கூடாது. சாயம் முழுமையாகக் காய வேண்டும். காற்றில் காயும் சாயம் என்றால் சில வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டால் கொப்புளம் வரும். பிறகு உரிக்கும்போது சாயமும் சேர்ந்தே வரலாம்.

செலவை எப்படி ஒப்பிடுவது? இது விலைப்பட்டியல் அல்ல, கணக்குப் போடும் முறை மட்டுமே. சாயத்துக்கு 6,000 ரிங்கிட், 10 நாள் நிற்கும், நாளுக்கு 300 ரிங்கிட் வருமானம் போகும் என்று வையுங்கள். மொத்தம் 9,000. எட்டு ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 1,125. ஸ்டிக்கருக்கு 4,000, மூன்று நாள் நிற்க 900, கடைசியில் உரித்துச் சுத்தம் செய்ய 1,000; மொத்தம் 5,900. ஐந்து ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 1,180. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்றே ஆண்டில் விற்பதாக இருந்தால் சாயம் ஆண்டுக்கு 3,000, ஸ்டிக்கர் 2,000க்கும் கீழே. ஆகவே "எது மலிவு" என்று கேட்பதற்கு முன், "இந்த லோரியை எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறோம்" என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

சட்டமும் இருக்கிறது. கிராண்டில் பதிந்துள்ள நிறத்தை மாற்றினால் ஜேபிஜேயில் பதிய வேண்டும். வண்டி முழுவதையும் வேறு நிற ஸ்டிக்கரால் மூடும் எண்ணம் இருந்தால், ஒட்டுவதற்கு முன்பே ஜேபிஜேயிடம் கேட்டுவிடுங்கள். கடன் முடியாத வண்டி என்றால் வங்கியிடமும் ஒரு வார்த்தை. உரிமையாளர் பெயர், வண்டியின் எடை விவரங்கள், ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள், விளக்குகள், எண் பட்டை எதையும் ஸ்டிக்கர் மறைக்கக்கூடாது. சரக்கு லோரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டியது. அங்கே போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் அவர்கள் இரண்டையும் செய்தார்கள். இரும்பால் ஆன முன்பகுதியில் துருவை எடுத்து, கிராண்டில் உள்ள அதே வெள்ளை நிறத்தில் சாயம். துருப்பிடிக்காத அலுமினியப் பெட்டிக்கு ஸ்டிக்கர். பக்கத்துக்கு 14 அடி நீளம், 7 அடி உயரம். இரண்டு பக்கமும் சேர்த்து 196 சதுர அடி. முழுதாக ஒட்டாமல், பழைய பெயரின் நிழல் மறையும் அளவுக்கு மட்டும் ஒட்டினார்கள். கூரையை விட்டுவிட்டார்கள், வெயில் நேராக விழும் இடத்தில் ஸ்டிக்கர் சீக்கிரம் கெடும்.

என் பங்குக்கு வடிவமைப்பில் ஒரு திருத்தம் சொன்னேன். முதல் படத்தில் மேளம், மாவிலைத் தோரணம், மணமக்கள், எட்டு வரி எழுத்து. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரி வினாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தொழில் பெயர், என்ன தொழில், ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றும் போதும் என்றேன். எண்ணைப் பின்கதவில் பெரிதாகப் போட்டார்கள்.

உங்கள் வீட்டு லோரியிலும் ஸ்டிக்கர் இருந்தால், கழுவும்போது அழுத்த நீரை ஓரங்களில் அடிக்காதீர்கள். உரிய ஆரம்பித்த இடத்தை அன்றைக்கே கடையில் காட்டுங்கள். சாயமோ ஸ்டிக்கரோ, கதவின் அடிப்பக்கத்தை மாதம் ஒரு முறை குனிந்து பாருங்கள். மாமா இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறார்.