யானை சீல்களின் சாவும் பண்ணைகளின் பொறுப்பும்

காட்டுயிர்கள் நோயில் மடியும்போது ‘எல்லாம் இயற்கையின் கணக்கு’ என்று நாம் கடந்துவிடுகிறோம். அர்ஜெண்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் 2023-ல் நடந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே கரையேறி ஈனும் யானை சீல்களின் குட்டிகளில் 17,000-க்கும் மேற்பட்டவை, அதாவது அந்தப் பருவத்தில் பிறந்தவற்றில் சுமார் 97 சதவீதம், எச்5என்1 பறவைக் காய்ச்சலுக்குப் பலியாயின. நீந்தப் பழகாத குட்டிகள் மூச்சுத் திணறி, மூக்கொழுகி, நடுக்கம் கண்டு கரையிலேயே மடிந்தன. யானை சீல்கள் பறவைகளை வேட்டையாடுவதில்லை. பாலூட்டும் மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தாய் இரையே எடுக்காது. குட்டிக்குத் தாய்ப்பால் மட்டுமே ஆகாரம். அப்படியிருந்தும் நோய் கரை முழுவதும் பரவியது என்றால், அது ஒரு சீலிடமிருந்து இன்னொரு சீலுக்குத் தொற்றியிருக்க வேண்டும். பெரு, சிலி கரைகளில் கடல் சிங்கங்களைக் கொன்ற வைரஸில் காணப்பட்ட, பாலூட்டிகளின் உடலுக்குத் தோதான மரபணு மாற்றங்கள் இங்கும் இருந்தது இதற்கு வலுசேர்க்கிறது.

இந்த வைரஸின் பூர்வீகம் கடல் அல்ல. இதன் மூதாதை 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணைப் பெருவாத்துகளில் (கூஸ்) கண்டறியப்பட்டது. காட்டு நீர்ப்பறவைகளிடம் இயல்பாக உலவும் பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் பெரும்பாலும் அவற்றை வாட்டுவதில்லை. நெருக்கி அடைத்து வளர்க்கும் பண்ணைகளுக்குள் நுழைந்த பிறகே சில வகைகள் கொடிய வடிவம் எடுக்கின்றன. அங்கிருந்து வலசைப் பறவைகளுக்குத் திரும்பி, கண்டம் தாண்டுகின்றன.

சீல்களுக்குக் கொள்ளைநோய் புதிதல்லவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஐரோப்பாவின் வட கடல் பகுதியில் டிஸ்டெம்பர் வைரஸால் 1988-ல் சுமார் 18,000 சீல்களும், 2002-ல் சுமார் 30,000 சீல்களும் இறந்தன. பிறகு பல இடங்களில் அவை மீண்டும் பெருகின. ஆனால், ஒரு நோய் வந்து ஓய்ந்தால்தான் மீள அவகாசம் கிடைக்கும். எச்5என்1 கோழி, வாத்துப் பண்ணைகளில் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் விலங்கு அதற்கு எத்தனை முறை ஈடுகொடுக்கும்?

கடலில் போய் வைத்தியம் பார்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஹவாயில் சுமார் 1,600 மட்டுமே மிஞ்சியுள்ள மாங்க் சீல்களுக்கு 2016 முதல் டிஸ்டெம்பர் வகை நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். பல்லாயிரம் சீல்கள் கூடும் கரையில் அது நடக்காது, பண்ணையில் நடக்கும். பிரான்ஸ் 2023 அக்டோபரில் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியபின் அங்கே பண்ணைத் தொற்று வெகுவாகக் குறைந்தது. தடுப்பூசி போட்ட பறவை அறிகுறியின்றி வைரஸைச் சுமக்கலாம் என்று இறக்குமதி நாடுகள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் நியாயமானதே. அதற்குத் தீர்வு தொடர் பரிசோதனை. தடுப்பூசியை ஒதுக்குவது அல்ல. இதற்கான செலவைப் பண்ணைத் தொழிலும் அரசுகளும்தான் ஏற்க வேண்டும். இதுவரை அதைச் சீல்கள் செலுத்திவந்தன.