சான்றிதழுக்கு ஏன் ஜூன் வரை காத்திருப்பது?

பிள்ளையின் உயர்கல்விக்குப் பெற்றோர் துணைநிற்பது என்றாலே நீட் பயிற்சி, மாதிரித் தேர்வு என்று பேசுகிறோம். கல்வராயன் மலையில் அந்தத் துணை சான்றிதழ் வாங்குவதில்தான் தொடங்குகிறது. பொறியியல் நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2007-இலேயே கைவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியலில் 2021-இலும் வந்தது. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் பழங்குடியினருக்கான 1 சதவீத இடத்தைக் கேட்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் அதை, கல்வராயனில் வாழும் மலையாளி பழங்குடி மாணவருக்குக் கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தர வேண்டும். கலந்தாய்வுத் தேதியோ எவருக்காகவும் நிற்காது.

இ-சேவையில் விண்ணப்பிக்கலாமே, பெற்றோர் முன்பே முயன்றிருக்கலாமே என்பார்கள். விண்ணப்பிப்பது எளிதாகியிருக்கிறது, உண்மை, விசாரணை எளிதாகவில்லை. கூலி வேலைக்கு வெளியூர் போகும் தகப்பனுக்கு, மலைமேலுள்ள வெள்ளிமலையிலிருந்து விசாரணைக்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போய்விடும். போலிகளைத் தடுக்க விசாரணை தேவை என்பதில் நியாயம் உண்டு. அதைச் சேர்க்கை நேரத்தில்தான் நடத்த வேண்டுமா? ஒருமுறை வாங்கினால் நிரந்தரமான சான்றிதழ் அது. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிகள் விண்ணப்பங்களைத் திரட்டட்டும். கோட்டாட்சியர் மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கே வந்து விசாரித்து முடிக்கட்டும். மகளுக்கு எந்தப் படிப்பு பொருந்தும், விடுதி எங்கே கிடைக்கும் என்று உட்கார்ந்து பேச அந்தத் தாய் தகப்பனுக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.